ஒரு பெயருக்கு இரண்டு கல்லறை

கடந்த ஆவணியில் திருகோணமலைக்குப் போனது கடலில் குளிக்கவும் மீன் சாப்பிடவும்தான். மண்டையைக் குழப்பிக்கொள்ள யாராவது அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறுவார்களா?

பஸ் நிலையத்திலிருந்து துறைமுகப் பக்கம் ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய். ஓட்டியவர் கிண்ணியா ஊர்க்காரர், பைசல் நானா. "பழைய வெள்ளைக்காரர்ட சவக்காலை ஒண்டு இரிக்கி, பாக்கிறீங்களா தம்பி?" என்றார். சரி என்றேன். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு கல்லறைக் கல்லில் 'தியோடர் கிரான்வெல், ஹார்லன்வில்' என்றிருந்தது. கீழ்ப்பாதி உடைந்து காணாமல் போயிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. ஹார்லன்வில் நான் குடியிருக்கும் அமெரிக்கச் சிற்றூர். கிரான்வெல் அதன் பெரிய மனிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வங்கி தொடங்கி, ரயில் பாதை கொண்டுவந்து, பிறகு மாநிலச் சட்டசபைக்கும் போனவர். கடல் பக்கமே போகாத அவருடைய கல்லறை என் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது. அப்படியானால் இங்கே படுத்திருப்பது யார்?

"ஒராள ரெண்டு இடத்துல அடக்க ஏலாதே!" என்றார் நானா.

"மகனாக இருக்குமோ?"

"வாப்பாட பேர ஆரு மகனுக்கு வெப்பாங்க? உம்மா புள்ளயக் கூப்பிடுறது எப்புடி?"

நியாயம்தான். என் அம்மாவும் அப்பாவின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆகவே மகனைக் கைவிட்டு, எலும்பைக் கப்பலில் அனுப்பினார்களா, பெயரைத் திருடிய கள்ளனா என்று இருவரும் வெயிலில் நின்று மண்டையை உடைத்தோம்.

கடைசியில் ஹார்லன்வில்லில் என் பக்கத்து வீட்டுக்காரியான ரூத்துக்குப் படம் அனுப்பினேன். கிரான்வெல்லின் பூட்டப்பிள்ளை, அதாவது கொள்ளுப்பேத்தி, எண்பது தாண்டியவர். உடனே அழைத்து அழுதார். மூத்த மகனுக்கும் தந்தையின் பெயரேதானாம். அங்கே அது வழக்கமாம்! வங்கியில் உட்காரமாட்டேன் என்று சண்டை பிடித்துக் கப்பலேறியவன். பிறகு தகவலே இல்லை. தந்தை ஊரில் இருந்த நாளெல்லாம் பின்னேர ரயிலுக்கு ஸ்டேஷனில் போய் நிற்பாராம். தன் ரயிலைத் தானே ரசிக்கிறார் என்று ஊரார் சிரித்தார்களாம். கல்லை யார் நட்டார்கள் என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

போகிறவர்கள் பின்னேரம் போங்கள். சப்பாத்துக் கட்டாயம், நெருஞ்சி முள் அதிகம். ஓட்டோவைக் காக்க வைத்தால் முந்நூறு ரூபாய் கூட.

அன்று தொலைபேசியை வைக்கும் முன் ரூத் சொன்னார்: "வீட்டில் அவனுக்கு டெடி என்றுதான் பெயர். எங்களுக்காக ஒருதரம் கூப்பிட்டுவிடு."

நானாவிடம் எல்லாம் சொன்னேன். கல்லோடு பேச எனக்கு வெட்கமாக இருந்தது. பைசல் நானாதான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"டெடித் தம்பி, வாப்பா ஒங்களக் கடைசி மட்டும் தேடினாராம்."