எல்லாம் தருவோம், கதிரை மட்டும் கேட்காதீர்கள்

இறால் உரிப்பவருக்குக் கை நாறும். அவரை ஊக்குவிப்பவனுக்கு வாய் நாறும். முந்தலில் ஓர் இறால் பெக்டரியில் நான் மனிதவள அதிகாரி. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக அதிகாரிகளே, உங்களுக்கு என் நிலைமை புரியும். எங்கள் பெண்கள் நாள் முழுக்க ஈரத் தரையில் நின்றபடிதான் உரிக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இருக்கக் கதிரை. தராவிட்டால் எல்லோரும் விலகுவோம் என்று அவர்களில் மூத்தவரான, எல்லோருக்கும் அக்காவான பஸீலா ராத்தா சொல்லிவிட்டார். கதிரையைத் தவிர வேறு எதையாவது கொடுத்து நிறுத்திவை என்பது மெனேஜரிடமிருந்து எனக்கு வந்த கட்டளை.

முக்கோணம்

கொழும்பிலிருந்து டை கட்டிய பயிற்றுநர் ஒருவரை வரவழைத்தோம். பெண்களை நிற்கவைத்தே, பலகையில் பெரிய முக்கோணம் ஒன்று கீறினார். அடியில் சோறு, தண்ணீர், உறக்கம், உச்சியில் ஆத்மதிருப்தி. படிப்படியாக ஏறினால் எல்லோரும் உச்சிக்குப் போகலாம் என்று கையை உயர்த்தினார். பஸீலா ராத்தா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றுகொண்டு கேட்டார்: "உச்சியிலயாவது இரிக்க எடம் ஈக்கா, சேர்?"

பாராட்டு

பாராட்டினால் மனிதன் மலையையும் புரட்டுவான் என்று எங்கோ படித்திருந்தேன். சிறந்த ஊழியர் என்று பஸீலா ராத்தாவின் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினேன். மறுநாளே கழற்றச் சொல்லி வந்து நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக் கண்ணூறு பட்டு, வீங்கியிருந்த கால் இன்னும் வீங்கிவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. காலைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

படத்தைக் கழற்றிக்கொண்டு மெனேஜரிடம் போய், இருக்க ஒரு நீள வாங்குப் பலகையாவது போடலாமே என்றேன். அவர் சுழல் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னார்: "இரிந்தா ஊக்கம் கொறஞ்சிரும், தம்பி."

சங்கீதக் கதிரை

அடுத்தது கூட்டு மனப்பான்மை. எல்லோரையும் பஸ்ஸில் மாம்புரிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் கதிரைகளை எடுத்து, சங்கீதக் கதிரை விளையாட்டு வைத்தேன். யோசனை என்னுடையது, மெனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

பாட்டுப் போட்டேன், சுற்றினார்கள். நிறுத்தினேன், இருந்தார்கள். இடம் கிடைக்காதவளை இழுத்து, பஸீலா ராத்தா தன் கதிரையில் பாதியைக் கொடுத்தார். மறுபடி பாட்டுப் போட்டேன். ஒருத்தியும் எழும்பவில்லை. மெனேஜர் விசிலை ஊதி ஊதிக் களைத்துப்போனார். பஸீலா ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மணலில் நீட்டிக்கொண்டு சொன்னார்: "பாட்டு ஓடட்டும் சேர், நாங்க இரிந்தே கேக்குறம்."

திங்கட்கிழமை அவர்களில் ஒருவரும் வேலைக்கு வரவில்லை; ஊக்கம் போதவில்லை என்று கண்டுபிடித்த கம்பனி, எனக்குத் துணையாக இன்னோர் அதிகாரியை நியமித்து, அவருக்குப் புத்தம் புதிதாய் ஒரு சுழல் கதிரையும் வாங்கிப் போட்டிருக்கிறது.