ஒரே சுருள் கம்பி

என் மகள் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் அறவியல் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு செயல் நல்லதா கெட்டதா என்று பார்க்க மூன்று அளவுகோல் இருக்கிறதாம். அதனால் விளைந்தது என்ன என்று பார்ப்பவர்கள் சிலர். செய்யக்கூடாததைச் செய்தானா என்று மட்டும் பார்ப்பவர்கள் சிலர். செய்தவன் எப்படிப்பட்ட மனிதன் என்று பார்ப்பவர்கள் வேறு சிலர். "இதுல எதுப்பா சரி?" என்று என்னைக் கேட்டாள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்தது ஒரு சுருள் கம்பியின் கதைதான். அவளுக்கும் அவள் தம்பிக்கும் அதையே எழுதிவைக்கிறேன்.

நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது எங்கள் கொல்லை, அதாவது விளைநிலம், வத்தல்மலை அடிவாரத்தில் இருந்தது. அதை ஒட்டியே மாமாவின் கொல்லை. மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. இரண்டிலும் நிலக்கடலை. காய் பிடிக்கும் பருவத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கும். அவை தின்பதைவிடப் புரட்டிப்போட்டுப் பாழாக்குவதுதான் அதிகம். முந்தின வருடம் எங்களுக்கு விதைக்குக்கூடக் கடலை மிஞ்சவில்லை.

அந்த வருடம் அப்பா ஒரு சுருள் கம்பி வாங்கிவந்தார். கொல்லையைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி குச்சி நட்டு, கம்பியை இழுத்து, மேலே போகிற கரண்டு லைனில் கொக்கி போட்டுவிடுவது. கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். கரண்டு ஆபீஸ்காரர்களும் ஊருக்குள் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். மாமா தயங்கினார்.

"யாராச்சும் மிதிச்சுட்டா?"

"ராத்திரில கொல்லையில யாரு நடக்கறா? பன்னிதான் நடக்கும்" என்றார் அப்பா.

மாமா கடைசியில் ஒத்துக்கொண்டார். இருந்தது ஒரே சுருள் என்பதால் ஒரு ராத்திரி எங்கள் கொல்லைக்கு, மறு ராத்திரி மாமாவின் கொல்லைக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் முறை வரும்போது அப்பா கொக்கியைப் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். மாமாவால் அப்படி முடியவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, கம்பி நெடுக வெள்ளைத் துணி கட்டினார். பொழுது சாயும்போது பக்கத்துக் கொல்லைக்காரர்களின் வீடுகளுக்கெல்லாம் போய், "இன்னிக்கு என் கொல்லையில கம்பிங்க, யாரும் அந்தப் பக்கம் வந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அப்பா அவரைக் கேலி செய்வார்.

"அப்படியே பன்னி வூட்டுக்கும் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு மாப்ள."

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மாமாவும் சிரிப்பார். ஆனால் மறுமுறையும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் கொல்லையில் ஒரு பெரிய பன்றி விழுந்து கிடந்தது. வெளியில் தெரிந்தால் கேஸ் ஆகிவிடும் என்று சத்தமில்லாமல் அறுத்தார்கள். சத்தமில்லாமல் ஊரே வந்து வாங்கிக்கொண்டும் போனது. மேற்குக் கொல்லைக்காரர் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் வேடிக்கையான மனிதர். இரண்டாம் முறை குழம்பு ஊற்ற வந்த என் அம்மாவிடம், "கரண்டே பாதி வேக வெச்சுடுச்சு தாயி, உனக்கு வெறகு மிச்சம்" என்றார். அப்பாவைப் போல் புத்திசாலி இந்த அடிவாரத்திலேயே இல்லை என்றும் சொன்னார். டீக்கடையிலும் அதே பேச்சு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் அப்பா பன்றி பிடித்த கதையைச் சொல்லி மாளவில்லை.

சில நாள் கழித்து மாமாவின் முறை. வழக்கம்போல் சாயங்காலம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். மேற்குக் கொல்லைக்காரர் கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போயிருந்தார். நாளைக்குத்தான் வருவார் என்று அவர் மனைவி சொன்னார். மாமா அந்தம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஆனால் மேற்குக் கொல்லைக்காரர் அன்றைக்கே கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். ரோட்டோடு சுற்றி வராமல் மாமாவின் கொல்லைக்குக் குறுக்கே நடந்திருக்கிறார். அமாவாசை இருட்டு. வெள்ளைத் துணியும் இருட்டில் கறுப்புத்தான்.

காலையில் நானும் ஓடினேன். என்னைக் கிட்டே விடவில்லை. நான் பார்த்ததெல்லாம் ஒற்றைச் செருப்பும் ஒரு மஞ்சள் பையும்தான். மகள் கொடுத்தனுப்பிய முறுக்கு கடலைச் செடிகளின் மேல் சிதறிக் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

ஜீப் வந்தது. கம்பி யாருடையது என்று போலீஸ்காரர் கேட்டார். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"என்னுதுங்க" என்றார் மாமா.

அவ்வளவுதான். அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மீசை அரும்பிய பிறகுதான் அவர் சேலம் ஜெயிலிலிருந்து திரும்பி வந்தார். அந்தக் கொல்லையில் அவர் மறுபடி ஏர் பூட்டவில்லை.

பன்றிக்கறி தின்ற அதே வாய்கள் அன்று டீக்கடையில் மாமாவைப் பாவி என்றன. கரண்டு விசயத்தில் விளையாடலாமா, ஈவிரக்கம் இல்லாதவன் என்றன. அப்பாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் அம்மா அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டார். சோறு போடுவார், பேசமாட்டார். கருமாதிக்குப் பிறகு மேற்குக் கொல்லை வீட்டம்மாவைப் பார்க்கப் போய்விட்டு வந்த அன்றுதான் வாய் திறந்தார்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'உன் தம்பியாச்சும் வூடு தேடி வந்து சொல்லிட்டுப் போனாரு. உன் வூட்டுக்காரரு ஒரு நாளும் சொன்னதில்ல'ன்னுச்சு."

அப்பா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அப்போதும் விசயம் முழுதாகப் புரியவில்லை. அதனால் தைரியமாகக் கேட்டேன்.

"மாமா செஞ்சது தப்புன்னா, நாம செஞ்சது என்னப்பா?"

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. தட்டிலேயே கை கழுவிவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அன்றிலிருந்து தினமும் போனார். பஸ் ரோட்டிலிருந்து வருகிற குறுக்குப் பாதையில், எங்கள் வரப்பின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வார். கம்பி இல்லாததால் பன்றிக்குக் காவல் இருக்கிறார் என்று நினைத்தேன். கடலை பிடுங்கி முடிந்தது. கொல்லை மொட்டையாகக் கிடந்தது. அப்போதும் போனார். ஒரு நாள் அவருக்குச் சோறு கொண்டுபோன நான் கேட்டேவிட்டேன்.

"கடலக்கா புடுங்கியாச்சேப்பா. பன்னிக்கு இங்க என்ன இருக்குது?"

"பன்னிக்கு இல்ல சாமி" என்றார்.

கடைசி பஸ் போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் பாதையில் இறங்கி வந்தார். அப்பா எழுந்து, டார்ச்சை அந்த ஆளின் காலடியில் அடித்தார். அவர் நடக்க நடக்க வெளிச்சமும் கூடவே போனது. வந்தவர் எங்களைக் கடந்து போனார். அந்த ஆள் தன் வீட்டு வாசலில் ஏறும் வரை அப்பா வெளிச்சத்தை எடுக்கவில்லை.

பன்றிக்கு இல்லை என்றால் திருடனுக்குத்தான் அப்பா காவல் இருக்கிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். திருடனாக இருந்தால் அவனுக்கு எதற்கு இவ்வளவு தூரம் வெளிச்சம் காட்ட வேண்டும் என்பதுதான் வீடு வந்து சேரும்வரை எனக்கு விளங்கவில்லை.