தட்டோடு வெளியே போகிறவர்கள்

போன புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, என் வகுப்பிலேயே வாய் திறக்காத சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, "சார், நான் பேசிட்டேன்" என்றாள்.

யாரிடம் பேசினாள்? அவள் பேசி நான் கேட்டதே இல்லையே... எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் — ஜூன் மாதத்திலிருந்து நான் வாத்தியார். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், நாலாம் வகுப்பு. எழுபத்திரண்டு பிள்ளைகள், ஒரே அறை, ஒரே நான். பேனாவைப் பிடித்தால் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன்தான். அங்கே என் தொண்டை எடுபடவில்லை.

முதல் வாரமே ஹெட்மாஸ்டர் ஒரு பிரம்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"பிடிங்க சார். தீவாளிக்குள்ள இந்தச் சத்தம் அடங்கணும். இல்லேன்னா வேற ஆளப் போடச் சொல்லி மேல எழுதிருவேன். அப்பறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது."

கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னால் செய்கிறவர். எனக்கோ வேலை போனால் வேறு வழி கிடையாது. பயமாகத்தான் இருந்தது.

இருந்தாலும் பிரம்பைத் தொட மனசு வரவில்லை. டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே — அடிக்காதே, சத்தம் போடுகிறவனை வெளியே நிறுத்து, வெட்கப்பட்டு அவனே திருந்துவான் என்று. பிரம்பு அலமாரிக்குள் போனது. நான் "வெளியே போ" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

போனார்கள். சந்தோஷமாகப் போனார்கள்!

காலையெல்லாம் ஒழுங்காக வாய்ப்பாடு சொல்கிற பிள்ளைகள், பதினொன்றரை ஆனதும் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடுவார்கள். ஒருவன் நாய் மாதிரி குரைப்பான். இன்னொருவன் சிலேட்டால் பெஞ்சைத் தட்டுவான்... வாசலில் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று கூட்டம் சேரும். போகும்போது ஒவ்வொருவனும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த அலுமினியத் தட்டையும் எடுத்துக்கொண்டு போவான்.

"தட்டு எதுக்குடா?" என்று கேட்டேன்.

"காணாமப் போயிரும் சார்."

ஜாக்கிரதையான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். என்னை என்ன சொல்ல?

புதன்கிழமைக்கு வருகிறேன். அந்தச் சிறுமியின் பெயர் சின்னப்பொண்ணு. கடைசி வரிசை, சுவரோரம். கையில் தட்டோடு நின்றாள்.

"யாரிட்டம்மா பேசுன?"

"யாரிட்டயும் இல்ல சார். வெளிய போகவா?"

"எதுக்கு வெளிய போகணும்?"

"வெளிய நிக்கிறவகதான் மணி அடிச்சதும் வரிசையில முன்னால போறாக. நான் எப்பவும் கடைசி. கடைசிக்குச் சட்டியில சொரண்டுறதுதான் வருது." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எனக்குச் சேட்டை பண்ணத் தெரியல சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தண்டனை என்று நினைத்து நான் கொடுத்ததெல்லாம் முதல் பந்தி. சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களைத்தான் இத்தனை நாளும் பட்டினி போட்டிருக்கிறேன்.

மணி அடித்ததும் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

"நான் என்ன சார் செய்யட்டும்?" என்றார் சமைக்கிற ஆயா. "அரிசி அம்புட்டுத்தான் வருது. பசியில தட்ட நீட்டுதுக... கை தாராளமா விழுந்துருது. பின்னால வாரதுக்கு இல்லாமப் போயிருது."

"அளந்து போடலாமே ஆயா?"

"பால்பவுடர் டின்னு கெடக்கு. குமிச்சு அள்ளுனா அளவு தப்பிரும். டின்னு தலைய மட்டமா வழிச்சுவிட ஒரு குச்சி வேணும் சார்."

நான் வகுப்புக்குத் திரும்பி வந்து, பிரம்பு கிடந்த அலமாரியைத் திறந்தேன்.

வியாழக்கிழமையிலிருந்து எல்லோருக்கும் ஒரே அளவு. யாருக்கும் வயிறு முட்டவில்லை. ஆனால் சின்னப்பொண்ணு தட்டிலும் சோறு இருக்கிறது. பதினொன்றரை மணிக் கலவரம் அன்றோடு நின்றுபோனது. மற்ற நேரத்துச் சத்தம்? அது இருக்கிறது. "வெளியே போ" என்றால் இப்போது நிஜமாகவே அழுகிறார்கள், அதனால் அதையும் சொல்ல முடியவில்லை. எழுபத்திரண்டு பேரை எப்படித்தான் கட்டி மேய்ப்பது? சத்தியமாகத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள்.

பிள்ளைகள் சேட்டை செய்கிறார்கள் என்கிறோம். எதற்காகச் செய்கிறார்கள் என்று கேட்கிறோமா? நான் கேட்கவில்லை — ஒருத்தி தானாக எழுந்து சொல்கிற வரைக்கும்.

நேற்றுப் பதினொன்றரை மணிக்கு ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டார். முகத்தில் ஒரு திருப்தி.

"என்ன சார், பிரம்பு வேலை செய்யுது போலருக்கே?"

"நல்லா வேலை செய்யுது சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை... எங்கே வேலை செய்கிறது என்றுதான் சொல்லவில்லை.