அம்மா வாங்கிய தடையாணை

திண்டிவனத்தில் எங்கள் குடியிருப்பில் இப்போது மாடித்தோட்டத்துக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதற்கு ஒரு நிர்வாகி, ஒரு துணை நிர்வாகி. மண் கலக்கப் பயிற்சி வகுப்பு, வகுப்பு முடிந்தால் சான்றிதழ். பணிக்காலம் முழுவதும் நகராட்சிக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால் சான்றிதழ்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அம்மாவிடம்தான் ஒன்றும் இல்லை.

சின்ன வயதில் விழுப்புரத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கீழே வீட்டுக்காரர், மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும் எங்களுக்கு, மிச்சமெல்லாம் மொட்டைமாடி. அங்கே அம்மா ஓட்டை டின்களில் செம்மண்ணும் சாணியும் நிரப்பிப் பரங்கிக்கொடி வளர்த்தார். அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்கே. டின்களுக்கடியில் செங்கல் வைத்துத் தளத்தில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொண்டார். மாதக் கடைசியில் அதன் கொழுந்திலைதான் எங்களுக்குப் பொரியல். காய்த்துவிட்டால் குழம்புக்கும் கவலையில்லை.

கார்த்திகை மழையில் வீட்டுக்காரரின் கூடத்துச் சுவர் ஊறிப்போனது. குழாய் கசிகிறது என்று அப்பா காட்டினார். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிந்தது கொடி மட்டும்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் அதை அறுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். வாய்மொழி உத்தரவுதான், அதனாலேயே மேல்முறையீட்டுக்கு வழியில்லை. அம்மா "சரிங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மார்கழி பிறந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் படிக்கட்டில் காகித நட்சத்திரம் தொங்கியது. தெருவில் மற்ற வாசல்களிலெல்லாம் கோலம், நடுவில் சாணி உருண்டை, அதன் மேல் பரங்கிப்பூ. பூ மலரும் நேரத்துக்கு அம்மா மாடியில் நிற்பார். மெலிந்த காம்புடைய ஆண்பூவின் நடுவே விரல் நுனியால் ஒற்றி, பிஞ்சைத் தாங்கி நிற்கும் பெண்பூவுக்குள் தடவுவார். பூவுக்குப் பொட்டு வைக்கிறார் என்று நினைத்தேன். மகரந்தச் சேர்க்கை என்ற பாடம் வர இன்னும் பல வகுப்புகள் இருந்தன. வேலை முடிந்த ஆண்பூக்களைக் கசங்காமல் பறித்து, வீட்டுக்காரர் மனைவியிடம் கொடுத்துவரச் சொல்வார்.

எனக்கு ஆத்திரம். கொடியை அறுக்கப்போகிறவர் வாசலுக்கு நாமே பூ கொடுப்பதா? அம்மா பயந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு காலையில், வீட்டுக்காரர் அரிவாளோடு ஓர் ஆளை அழைத்துக்கொண்டு படியேறி வந்தார். கொடியில் எலுமிச்சை அளவில் பிஞ்சுகள். அம்மா ஒதுங்கி நின்றார். அரிவாள்காரர் குனிந்ததும் கீழேயிருந்து வீட்டுக்காரர் மனைவியின் குரல் வந்தது.

"மார்கழி முடியறதுக்குள்ள அதும் மேல கை வெச்சீங்க, நாளைக்கு சாணி மேல உங்க தலையத்தான் வெக்கணும். இந்தத் தெருவுல எவ வாசல்ல தெனம் பூ இருக்குது? மொதல்ல அந்தாளக் கூட்டிக்கினு கீழ வாங்க."

அரிவாள்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினார். பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் கொடியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தடையாணை வாங்க எத்தனை மனு, எத்தனை வாய்தா என்று பிற்காலத்தில் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். முத்திரைத்தாள் இல்லாமல், வாயைத் திறக்காமல், எதிர்மனுதாரர் வீட்டிலிருந்தே ஒன்றை வாங்கியவர் எனக்குத் தெரிந்து என் அம்மா ஒருவர்தான்.

பொங்கலன்று முதல் காயைக் கீழே கொடுத்துவரச் சொன்னார்.

"பயந்துக்கினுதானேம்மா குடுக்கறே?" என்றேன்.

"பயமா? போடி. கூட்டுக்கு ஆகும்னு குடுத்துட்டு, இன்னும் ரெண்டு டின்னு வெச்சிக்கலாமான்னு கேட்டுக்கினு வா."

வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி காயை வாங்கிக் கையாலேயே எடை பார்த்தார். "ரெண்டு எதுக்குடி? நாலா வெக்கச் சொல்லு. அடுத்த மார்கழிக்கு கோலியனூர்ல எங்க அக்காவும் பூ கேக்கறா." பேப்பர் தாழவே இல்லை.

மேலே வந்து சொன்னதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடியும் சிரித்தார். முதன்முதலாகக் காய்த்த ஒரு நல்ல காய் வீணாகப் போய்விட்டதே என்று நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.