திறந்தால் முதலில் தெரிவது

யாரும் கேட்காமலே அழகன் பையைத் திறந்து காட்டுவார். அன்றும் அப்படித்தான். ஹற்றன் நகரத்துக் கணினிக் கடையின் கண்ணாடி மேசைமேல் துவாலை, சாப்பாட்டுப் பெட்டி, இரண்டு வீடியோ நாடாக்கள், உறை போட்ட அடையாள அட்டை, தோட்டத் துரை கையெழுத்திட்ட கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

கடையில் வேலை பார்க்கும் பிரேமினிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன அண்ணே இது?"

"பாருங்க மிஸ்."

"இங்க யாரும் பை பாக்க மாட்டாங்க. இது கம்பியூட்டர் கடை."

அவர் அடுக்கி வைத்ததைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அட, ஆமால்ல. கை பழகிப்போச்சு மிஸ். மேசையக் கண்டா தானா தொறந்துருது."

எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் வைத்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "ஒரு மெஷின் எடுக்கணும். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுறதுக்கு. மடில வைக்கிறதா, மேசைல வைக்கிறதான்னுதான் தெரியல."

பிரேமினி இரண்டையும் காட்டினாள். கறுப்பு மடிக்கணினி ஒன்று இருந்தது. கொழும்பில் விளையாட்டுப் பைத்தியம் பிடித்த யாரோ சொல்லி வரவழைத்து, கடைசியில் எடுக்காமல் விட்டது. விளையாட்டுக்கென்றே செய்ததால் வேகம் அதிகம், வீடியோ வேலைக்கும் அது நன்றாக இருக்கும் என்றாள். மற்றது மேசைக்கணினி. பெட்டி, திரை எல்லாம் தனித்தனி, பழுதானால் இங்கேயே திருத்தலாம் என்றாள். அழகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். எதையும் தொடவில்லை. வேகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"தொறந்தா மொதல்ல என்ன தெரியும் மிஸ்?"

அவள் மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒரு காடு வந்தது. காட்டுக்குள்ளிருந்து ஒரு சிப்பாய், துவக்கை நேரே பார்ப்பவரின் நெற்றிக்கு நீட்டியபடி நின்றான். மாதிரிக்காகப் போட்டிருந்த விளையாட்டின் படம்.

"மூடிருங்க மிஸ்." அழகன் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சிவராசா எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமாக ஹற்றனில்தான் இருக்கிறார், பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. "அது விளையாட்டு, தம்பி. அவன் வெளியில வந்து சுடமாட்டான், பயப்படாதையும்."

"அவன் வரமாட்டான் மொதலாளி. வெளிய இருக்கவங்க பாப்பாங்களே."

சிரிக்க வாயெடுத்த சிவராசா சிரிக்காமல் உள்ளே போய்விட்டார்.

போகும்போது அழகன் படியில் நின்று திரும்பினார். "நேத்து சாவடில ஒங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன் மிஸ். நீங்க சிங்களத்துல ரெண்டே வார்த்த சொன்னீங்க, விட்டுட்டாங்க. அதான் ஒங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன்."

அது 2007ஆம் ஆண்டு மார்கழி. சண்டை வடக்கில் நடந்தது, இராணுவச் சோதனைச் சாவடி மட்டும் மலைக்கும் வந்திருந்தது.

அழகனுக்கு நாற்பது வயது இருக்கும். வட்டகொடைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா அவர் வீடு. மனைவி அம்மாக்கண்ணு கொழுந்து எடுக்கிறாள். இருபது வருஷம் கெமரா சுமந்ததில் வலது தோள் இடதைவிட இரண்டு விரல் இறங்கிவிட்டது. சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் தண்ணீர் பிடிக்க லயத்துப் பீலிக்குக்கூடப் போகமாட்டார். டயகமவிலிருந்து பொகவந்தலாவை வரை கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று நானூறு விசேஷங்களாவது படம் பிடித்திருப்பார். அந்த நானூறிலும் அவர் முகம் ஓரிடத்தில்கூட இல்லை. மணப்பெண்ணின் சேலைமேல் அவர் நிழல் தற்செயலாக விழுந்திருந்தால் அந்தத் துண்டையே வெட்டிப் போட்டுவிடுவார்.

மற்ற வீடியோக்காரர்கள் 'ஷூட்டிங் இருக்கு' என்பார்கள். அழகன் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. 'சுடுவது' என்ற பொருள் எந்தப் பாஷைக்காரனுக்கும் தெரியும் என்பது அவர் கணக்கு. "படம் புடிக்கப் போறேன்" என்பார். சிங்களத்தில் கேட்டால் "மகுல் கெதர, மாத்தியா," கல்யாண வீடு ஐயா, என்பார். ஒருமுறை ஓடும் பஸ்ஸில் யாரோ தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நாளைக்கு ஷூட்டிங் எத்தன மணிக்கு?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். அழகன் தொலைபேசியை அணைத்து, பற்றரியைக் கழற்றி ஒரு பையிலும் தொலைபேசியை மறு பையிலும் போட்டுக்கொண்டு, தலவாக்கலையில் இறங்க வேண்டியவர் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கி நடந்தார்.

இது பிறவிப் பயமல்ல. தொண்ணூற்றாறில் ஒரு கல்யாண நாடாவோடு வரும்போது ஆமிக்காரர்கள் வழியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். நாடாவின்மேல் தமிழில் எழுதியிருந்தது. அங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. "நாலு நாளு வச்சிருந்தாங்க மிஸ். அஞ்சாம் நாளு தமிழ் தெரிஞ்ச ஒருத்தரு வந்தாரு. டெக்குல போட்டு முழுக் கல்யாணத்தையும் ஒக்காந்து பாத்தாரு, பந்தி முடியிற வரைக்கும். 'வடை பத்தல போல'ன்னு சொல்லிட்டு என்னைய விட்டுட்டாரு." இதைச் சொல்லும்போது அவரும் சிரிப்பார், கேட்பவரும் சிரிப்பார். அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று பிரேமினி கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்தால் ஐந்து கல்யாணங்கள் கையில் இருந்தன. அவர் வழக்கமாகப் போய் வேலை செய்யும் நகரத்து ஸ்டூடியோவை அதன் சொந்தக்காரர் மூடிவிட்டு வெளிநாடு போகிறார். தைக்குள் சொந்தமாக ஒரு கணினி இல்லையென்றால் ஐந்தும் வேறு ஆளிடம் போய்விடும், தொழிலும் அதோடு சரி. ஆகவே ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். பையைத் திறந்து அடுக்கினார், அசடு வழிந்தார், எடுத்து வைத்தார். பிறகு இரண்டு கணினிகளுக்கும் நடுவில் நின்றார்.

மேசைக்கணினி என்றால் சாவடியில் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் லயத்தில் தகரம் ஒழுகுகிறது. சாயங்காலம் எல்லாக் காம்பராவிலும் விளக்குப் போட்டால் மின்சாரம் மூச்சு வாங்குகிறது. இடமும் இல்லை. "'கம்பியூட்டரு உள்ள வந்தா நான் வெளிய படுக்கிறேன், நீயும் அதுவும் குடும்பம் நடத்துங்க'ங்கிறா அம்மாக்கண்ணு." மடிக்கணினிக்கு அந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் அதைத் தினமும் சாவடி மேசைமேல் வைக்க வேண்டும். சிவப்பாக எரிகிற பெட்டி. பிரேமினி அந்தச் சிப்பாய் படத்தையும் விளையாட்டையும் அவர் கண்முன்னாலேயே அழித்துக் காட்டினாள்.

"அழிச்சது எங்க மிஸ் போகும்?"

"எங்கயும் போகாது அண்ணே. இல்லாமப் போயிரும்."

"இல்லாமப் போனத திருப்பி எடுக்கிற ஆளுங்க இருக்காங்களாமே."

கடைசியில் மேசைக்கணினிதான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

பிரேமினி எட்டாம் வகுப்புவரை சிங்களப் பாடசாலையில் படித்தவள், பிறகு தமிழுக்கு மாறியவள். அங்கே அவள் தமிழ்ப் பிள்ளை. இங்கே வந்தபோது சிங்களம் படித்த பிள்ளை. இரண்டு இடத்திலும் குறைவாகப் பேசிப் பழகிக்கொண்டாள். சாவடியில் அந்த இரண்டு வார்த்தை சொல்லி நடக்கும்போது, பின்னால் நிற்பவர்களை அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அழகன் அங்கே நின்றிருந்தார் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த நடை அவளுக்குச் சரியாக வரவில்லை.

மூன்றாவது செவ்வாய் அவர் ஒரு சீடியைக் கொண்டுவந்தார். ஸ்டூடியோவில் வெட்டி வைத்த பழைய கல்யாணங்கள், அவ்வப்போது அவர் பையில் சாவடியைக் கடந்தவை. எந்தக் கணினியில் நன்றாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். அவள் போட்டாள். திரையில் இருபது முப்பது பெயர்கள் வரிசையாக வந்தன. முதலாவது 'jpUkzk;', அடுத்தது 'fhJFj;J'. அதற்குக் கீழேயும் அதே மாதிரி, எந்தப் பாஷையிலும் சேராத எழுத்துகள்.

"இது என்ன அண்ணே?"

"மொதல்ல உள்ளது திருமணம். அடுத்தது காதுகுத்து." தயங்காமல் வாசித்தார். தினசரிப் பத்திரிகையை வாசிப்பதுபோல.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அழகனுக்குத் தெரிந்த ஒரே தட்டச்சு பாமினி. அதில் தமிழ் அடித்தால் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான், பாமினி எழுத்துரு அதைத் தமிழாக்கிக் காட்டும். கோப்புகளின் பெயருக்கு அந்த உதவி இல்லை. இரண்டு வருஷமாக இந்த எழுத்துகளையே பார்த்துப் பார்த்து, அவற்றைத் தமிழாகவே வாசிக்க அவர் கண் பழகிவிட்டது. அவளும் ஒருமுறை அவர் கண்ணால் பார்த்தாள். திருமணம். பிறகு சாவடி மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒருவனின் கண்ணால் பார்த்தாள். சங்கேதம். யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

சொன்னால் இந்த மனுஷர் எதையும் வாங்கமாட்டார், தொழிலையே விட்டுவிடுவார். சொல்லாவிட்டால் நாளைக்கும் இந்த சீடியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சாவடியில் நிற்பார். அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அழகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கும் அது தமிழாகத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா இதத்தான் நானா எடுத்து எடுத்துக் காட்டுனேனா மிஸ்?"

"அவங்க போட்டுப் பாக்கல அண்ணே."

"போடல." உள்ளங்கையைத் துவாலையில் துடைத்தார். "போடாததால இங்க ஒக்காந்துருக்கேன்."

அன்று முழுவதும் பிரேமினி எல்லாப் பெயர்களையும் மாற்றி, புது சீடியில் பதிந்தாள். சாவடிக்காரனுக்கு விளங்கும்படி, சிங்களச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தாள். எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் அழகனால் வாசிக்க முடியவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சண்முகவடிவு கல்யாணம் எது மிஸ்?" என்று கேட்டார். கீழிருந்து ஏழாவது என்றாள். "கீழருந்து ஏழு, கீழருந்து ஏழு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. தை பிறக்க மூன்று நாள் இருக்கையில் வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆமிக்காரர்கள் லயங்களைச் சுற்றி வளைத்துத் தேடியிருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வீரய்யா மாஸ்டர் வீட்டில் ஒரு மேசைக்கணினி இருந்தது. மாஸ்டர் அன்று ஊரில் இல்லை. வீட்டில் இருந்த அவர் மனைவிக்குச் சிங்களம் வராது. கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அது இன்னும் திரும்பி வரவில்லை. அதைக் கேட்டுப் போக மாஸ்டருக்குக் கால் வரவில்லை.

"அதனால மடில வைக்கிறதே போதும் மிஸ்."

சிவராசா உள்ளேயிருந்து வந்தார். "கடைசியில துணிஞ்சிட்டீர் போல!"

"துணிச்சல் எங்க மொதலாளி? பயந்துதான் எடுக்கிறேன். மேசைல உள்ளத நான் இல்லாதப்ப தூக்கிருவாங்க. யாரு பதில் சொல்றது? இதுன்னா நான் போற எடமெல்லாம் வரும். கேட்டா தொறந்து காட்டுவேன். 'மகுல் கெதர'ன்னு சொல்ல நான் இருப்பேன்."

சிவராசா பெட்டி எடுக்கப் போனார்.

அப்போதுதான் அழகன் பிரேமினியின் பக்கம் திரும்பினார். பையிலிருந்து தன் கெமராவை எடுத்தார். அதை வேறு யார் கையிலும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. அதன் வாரைக் கழுத்தில் மாட்டும்படி சொல்லி, எதை அழுத்தினால் படம் விழும் என்று காட்டினார்.

"என்னைய ஒரு படம் எடுங்க மிஸ். அந்தத் துவக்குக்காரன் இருந்த எடத்துல, தொறந்தா மொதல்ல தெரியிற மாதிரி என்னையப் போடுங்க. கீழ சிங்களத்துல பேரு, தோட்டம், கல்யாணப் படம் புடிக்கிறவருன்னு எழுதுங்க."

"நீங்கதான் கூடவே இருப்பீங்களே அண்ணே?"

"இருப்பேன். இல்லாமப் போனா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதே படத்துல ஒன்னு கழுவி அம்மாக்கண்ணுகிட்டக் குடுத்துருங்க. எங்க கல்யாணப் படம் தகரம் ஒழுகி ஒன்னோட ஒன்னு ஒட்டிப்போச்சு. அடையாள அட்டை எப்பவும் எங்கிட்டதான் இருக்கும். யாராச்சும் 'ஒம் புருசன் எப்படி இருப்பான்'னு கேட்டா, காட்ட அவகிட்ட ஒன்னும் இல்ல மிஸ்."

அவர் போய்க் கடையின் வெள்ளைச் சுவரோரம் நின்றார். மேல் பொத்தான் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிரேமினி கெமராவைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள். அழகனின் இரண்டு கைகளும் தாமாகவே உடம்பை விட்டு விலகி, தோள்வரை எழுந்து, விரல்களை விரித்துக்கொண்டு நின்றன.