செம்மண்ணில் ஒரு பந்துத் தடம்

ஐயா, ஆவடிக் குடியிருப்பிலிருந்து உலகத் தரவரிசை வரை ஏறிய டென்னிஸ் வீராங்கனையின் வரலாற்றைத் தாங்கள் தொகுத்து வருவதாக அறிந்தேன். அந்த வீராங்கனை என் அக்கா. தங்களிடம் எவரும் சொல்லியிராத ஓர் ஆட்டத்தை, ஒன்பது வயதில் நான் கண்டவாறே எழுதுகிறேன்.

அவ்வாண்டுக்குள் மாநிலத் தரவரிசையில் இடம் கிட்டாவிட்டால் அக்கா மட்டையை வைத்துவிட்டுத் தட்டச்சு வகுப்பில் சேர வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. அவ்வாண்டின் கடைசி இளையோர் போட்டியில் அரையிறுதியை வென்றால் இடம் உறுதி. உடன் சென்றவர்கள் சித்தப்பாவும் நானும்.

சித்தப்பா எதையும் நம்புகிறவர் அல்லர். யார் யாரோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்கியதை நம்பவில்லை. பந்துகளை அமுக்கிப் பார்த்தார். அங்கே கொடுத்த எலுமிச்சைச் சாற்றை முகர்ந்துவிட்டுச் செடிக்கு ஊற்றினார். இளையோர் போட்டிகளில் அன்று நடுவர் கிடையாது. தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை ஆட்டக்காரரே சொல்ல வேண்டும்; கோட்டைத் தொட்டாலும் உள்ளேதான். ஐயம் எழுந்தால் செம்மண்ணில் பதிந்த தடத்தைக் காட்ட வேண்டும்.

“இன்னா விளையாட்டு இது? அவ சொல்றதுதான் சட்டமா? அந்த அம்பத்தூர் பொண்ண விட்டு கண்ண எடுக்காத. எதுனா தில்லுமுல்லு பண்ணா எனக்கு கை காட்டு,” என்று அவர் என்னை அக்காவோடு மோதவிருந்த அப்பெண்ணின் பின்புறம் கம்பிவலையோரம் அமர்த்தினார். நானும் அவள் காலுறையை இழுத்துவிட்டதைக்கூடச் சந்தேகித்தேன்.

ஆட்டக்காரர்கள் பக்கம் மாறுவார்கள் என்பதைச் சித்தப்பா எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றாம் செட்டில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலையில், அக்கா நானிருந்த முனையில் நின்றாள். எதிராளி அடித்த பந்து கோட்டின் மீதே விழுந்து சுண்ணாம்பைக் கிளப்பியது. அக்கா விரலை உயர்த்தி, “அவுட்” என்றாள்.

அப்பெண் வந்து தடத்தைக் கேட்டாள். கோட்டுக்கு வெளியே கிடந்த பழைய தடமொன்றை அக்கா மட்டை நுனியால் வட்டமிட்டுக் காட்டினாள். அதைச் சிறிது நேரம் பார்த்த அப்பெண் என் பக்கம் திரும்பினாள்.

“பாப்பா, நீ இங்கதானே உக்காந்திருந்த. எங்க விழுந்துச்சு?”

அக்கா தலை நிமிராமல் மட்டையின் நரம்புகளை விரலால் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

“வெளியே,” என்றேன்.

அப்பெண் அக்காவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனாள். சித்தப்பா ஓடி வந்தார். “கொயந்த கைல கேள்வி கேக்குறா பாத்தியா? அது மூஞ்சே சரியில்லன்னு காலைலயே சொன்னேன்ல?”

திரும்பும் ரயிலில் அக்கா எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்துவிட்டு, இடமிருந்தும் அமராமல் ஆவடி வரை கதவோரம் நின்றே வந்தாள்.

அதன்பின் மதுரை, கோவை, கடல் கடந்த ஊர்கள் என்று அக்கா ஏறிக்கொண்டே போனாள். துணைக்குத் தம்பி சென்றான், சித்தி சென்றார். என்னை மட்டும் ஓர் ஆட்டத்துக்கும் அழைக்கவில்லை. ஒருமுறை கேட்டதற்கு, “உனக்கு ஸ்கூல் இருக்குல்ல,” என்றாள். தம்பிக்கும் அதே பள்ளிதான். அவளுக்குச் சாதகமாகச் சொன்ன என்னை அவள் ஏன் அருகில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

இத்தாளையும் தங்கள் தொகுப்போடு சேர்த்து வைக்குமாறு வேண்டுகிறேன்.