பேர் எழுதாத பொட்டலம்

நேற்று மத்தியானம், சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். கிள்ளையிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, இதே மாதிரி ஒரு வாரத்துக்கு வேண்டும் என்று கேட்டார். தினசரிக் காலண்டர் தாளைப் பாதியாகக் கிழித்து, மடித்து, முனையைச் செருகிய பொட்டலம். மேலே ராகு காலம் தெரிந்தது, ராசி பலன் தெரிந்தது. மருந்தின் பேர் மட்டும் எங்கும் இல்லை. பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, முகம் உருண்டையாக இருந்தது. இதே மாதிரி ஒரு முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் இந்தப் பொட்டலத்துக்குச் 'செட்டு' என்று பேர். காய்ச்சல் செட்டு, சளி செட்டு, உடம்புவலி செட்டு என்று வகை வகையாக உண்டு. டாக்டர் சீட்டு வேண்டாம். கடைக்காரர் டப்பாவிலிருந்து மூன்று உதிரி மாத்திரைகளை எடுத்துத் தாளில் மடித்து நீட்டுவார். வாங்குகிறவர் என்ன மாத்திரை என்று கேட்பதில்லை, கொடுக்கிறவர் சொல்வதும் இல்லை. இதெல்லாம் எனக்குப் படிக்கும்போதே தெரியும். ஆனால் அது வேறு யாரோ செய்யும் காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்மசி முடித்து, பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த சூட்டோடு, கடலூர் முதுநகரில் மருந்துக்கடை வைத்திருந்த மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அவர். சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் பந்தியில் முன்னால் நின்று பரிமாறுகிறவர். அதுவரை அவர் கடைச் சுவரில் யாரோ ஒருவருடைய சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆளை அந்தத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. அதைக் கழற்றிவிட்டு என்னுடையதை மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டினார் மாமா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய பைத்தியக்காரி நான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சிதம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு காலைப் பாசஞ்சரில் முதுநகர் போவேன். நாள் முழுக்க நிற்கிற வேலை. டாக்டர்களின் கிறுக்கலை எழுத்துக் கூட்டிப் படிப்பது, காலாவதியான அட்டைகளைத் தனியாகப் பிரிப்பது, குழந்தைக்கு எத்தனை மில்லி என்று மூன்று தடவை திருப்பிச் சொல்லி அனுப்புவது என்று நேரம் போகும். இதற்கிடையில் துறைமுகத்துப் பக்கமிருந்து ஆட்கள் வந்து, "மாமா, ஒரு செட்டு" என்பார்கள். மாமா அன்றன்று கிழித்த காலண்டர் தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருப்பார். அவர் விரல்கள் தானாக மடிக்கும். உடம்புவலி செட்டில் மஞ்சள் மாத்திரை வலிக்கு, இளஞ்சிவப்பு வயிற்றெரிச்சலுக்கு. மூன்றாவதாக ஒரு வெள்ளை மாத்திரை, மிளகு அளவுதான் இருக்கும். சேர்ந்த வாரமே அந்த டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்தேன். ஸ்டீராய்டு. வலியை அரைமணியில் அமுக்கிவிடும், பசியைக் கிளப்பும், உடம்பில் தெம்பு வந்த மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், தோல் மெலியும், முகம் உப்பும். எல்லாவற்றையும்விட மோசம் ஒன்று உண்டு. உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதை மறந்துபோகும். அப்புறம் ஒருநாள் திடீரென்று நிறுத்தினால் ஆளே சரிந்துவிடுவார்.

மாமாவிடம் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் கஷ்டம். "அந்த வெள்ளைய எடுத்துட்டா அது செட்டே இல்லம்மா. நாளைக்கே அவுங்க எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. அவன் ரெண்டா வச்சுக் குடுப்பான், பரவால்லியா?" என்றார். அவர் சொன்னது உண்மை. அம்மாவிடம் போனில் அழுதேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், அவர் நமக்குச் செய்யாததா என்றாள்.

மீன்காரம்மா எனக்குப் பழக்கமானது அந்த நாட்களில்தான். துறைமுகத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, செம்மங்குப்பம் பக்கத்துத் தெருக்களில் விற்கிறவர். காலையில் போகும்போது ஒரு செட்டு, திரும்பும்போது ஒரு செட்டு. இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் மறுபடி கடலுக்குப் போனபோது வலி தாங்காமல் ஆரம்பித்ததாம், அன்றிலிருந்து ஒருநாள் விட்டதில்லை. "இந்த மாத்திர இல்லன்னா நான் எப்பியோ உக்காந்திருப்பேன் பாப்பா" என்பார். உடம்பு தேறிவிட்டதாகத் தெருவே சொல்கிறது என்று கன்னத்தைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். கை முழுக்க நீலம் நீலமாகக் கன்றியிருக்கும், லேசாகக் கூடை இடித்தாலே. எனக்கு அந்தக் கன்னத்தைப் பார்க்கப் பார்க்கப் பதறும். ஆனால் என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்து, இன்று என்ன மீன், என்ன கிராக்கி என்று ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவார். அந்தக் கடையில் என்னிடம் மருந்து தவிர வேறு விஷயம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மாமா சாப்பிடப் போன ஒரு மத்தியானம் அவரிடம் சொல்லியேவிட்டேன். இந்த மாத்திரை கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் பொழப்புப் போச்சு என்றார். சரி, அப்படியானால் இனி வாங்கவில்லை, இன்றோடு விட்டுவிடுகிறேன் என்றும் உடனே சொன்னார். எனக்குப் பகீரென்றது. ஐயோ, அப்படி நீங்களாக நிறுத்தவே கூடாது, டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா பாப்பா நீ? நிறுத்துங்கிறியா, நிறுத்தாதங்கிறியா?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இருந்தது. மூன்று நிமிஷம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும், அவர் ஒன்றும் மந்தமான ஆள் இல்லை. அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. வேறு ஆட்களும் வந்து நின்றார்கள். சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கொடுத்தால் விஷம், கொடுக்காவிட்டால் ஆபத்து. மென்று முழுங்க முடியாமல் நானே என் கையால் மடித்துக் கொடுத்தேன்.

சித்திரையில் மீன்பிடித் தடை வந்தது. விசைப்படகுகளையெல்லாம் ஆற்றோரம் கட்டிப்போட்டுவிட்டார்கள். முதுநகர்க் கடைத்தெருவில் சத்தமே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, மீன்காரம்மா வரவில்லை. வெயிலுக்கு வீட்டில் இருக்கிறார் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். அப்புறம் பொறுக்கமுடியாமல் மாமாவைக் கேட்டேன். அவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, "தொழில் இல்ல, சொம தூக்கல, மாத்திர எதுக்கு? முந்தா நாளு தெருவுல பாத்தேன், அதான் சொல்லிச்சி. போட்டெல்லாம் கரையில கெடக்கு, டீசல் எதுக்கு மாமான்னு கேட்டுச்சி. நல்லதுதானே? நிறுத்தணும்னு நீதானே குதிச்ச?" என்றார்.

அவருக்கு அது மருந்து இல்லை. கூடை தூக்குவதற்கான டீசல். கூடை இல்லாத நாளில் அது வீண் செலவு. இவ்வளவு எளிமையான கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை? தடைக்காலம் வரும் என்பது காலண்டரிலேயே இருந்ததே! மாமா கூப்பிடக் கூப்பிடக் கடையை விட்டு இறங்கினேன். அவர் குப்பம் எது என்று தெரியும், வீடு தெரியாது. முட்டிவலிக்காரம்மா என்று விசாரித்தால், இங்கே யாருக்குத்தான் முட்டிவலி இல்லை என்றார்கள். செம்மங்குப்பத்துக்கு மீன் கொண்டுபோகிறவர் என்றதும் ஒரு பெண் வழிகாட்டினாள். மருமகள் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ராத்திரி முழுக்க வாந்தி, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள் என்றாள். வெயில் அடித்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றாள்.

ஆட்டோவில் போகும்போது மாமா போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், டாக்டரிடம் செட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றேன். மாமா சத்தம் போடாமல், பிள்ளைக்குப் புத்தி சொல்வது போலச் சொன்னார்: "சொல்லு, வேணாங்கல. ஆனா ஒண்ணு. செவுத்துல தொங்குறது உன் பேரு. என் பேரு இல்ல." அன்றைக்கு வைத்த சந்தனப் பொட்டு எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். ஆட்டோவைத் திருப்பச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், நினைத்தேன். அப்பா வாங்கிய படிப்புக் கடன், அக்கா வீட்டில் தங்கியிருக்கும் நிலைமை, எல்லாம் கண்முன் வந்து நின்றது.

வார்டில் மீன்காரம்மா கிடந்தார். இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஏறியும் பிரஷர் ஏறவில்லை என்று இளம் டாக்டர் ஒருவர் நர்ஸிடம் சலித்துக்கொண்டிருந்தார். நான் பார்மசிஸ்ட், இவர் இவ்வளவு மாதம் ஸ்டீராய்டு தின்றார், தடைக்காலத்தில் திடீரென்று விட்டுவிட்டார், கொடுத்தது நான் இருக்கும் கடை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உடனே ஒரு ஊசியின் பேரைச் சொல்லி நர்ஸை விரட்டினார். அது ஏறிய பிறகுதான், கட்டில் பக்கத்து டிரேயிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். முந்தானை முடிச்சில் இருந்ததாம். படகு மறுபடி கடலில் இறங்கும் நாளுக்கென்று மிச்சம் வைத்திருந்தது. நான் மடித்ததுதான், என் மடிப்பு எனக்குத் தெரியும்.

"காலையிலேர்ந்து இத வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்ம்மா. துலாம் ராசிக்கு சுகம்னு போட்டிருக்கு. மாத்திர பேரு எங்க போட்டிருக்கு?" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. காலையிலேயே தெரிந்திருந்தால் என்று எதையோ சொல்லவந்து, பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மீன்காரம்மா கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசி ரயிலுக்கு நேரமாயிற்று என்று அவர் மகன்தான் என்னை அனுப்பிவைத்தார். மறுநாள் பாசஞ்சரில் வந்துகொண்டிருக்கும்போதே மகனிடமிருந்து போன் வந்தது, அம்மா போய்விட்டார் என்று. பரங்கிப்பேட்டை தாண்டி வண்டி நின்றிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, ஏன் இந்தப் பெண் இப்படி அழுகிறது என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டாக்டர் கேஸ் சீட்டில் நான் சொன்னதை எழுதினார். யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று வெகுநாள் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மீன்காரம்மாவின் காரியம் முடிந்த அன்று கடைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, என் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மாமா தடுக்கவில்லை. வீட்டு விசேஷங்களில் இப்போதும் முன்னால் நின்று பரிமாறுகிறார், என் இலைக்கு வரும்போது மட்டும் வேறு யாரிடமாவது கரண்டியைக் கொடுத்துவிடுகிறார். அவர் கடைச் சுவரில் வேறு ஒரு பெண்ணின் சான்றிதழ் தொங்குகிறது என்று கேள்விப்பட்டேன். சந்தனப் பொட்டு வைத்திருப்பார். அந்தப் பெண்ணின் போன் நம்பர் கிடைக்குமா என்று பலரிடம் கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை.

நேற்று வந்த பெரியவரை ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். பின்னால் நின்ற இரண்டு பேர் முணுமுணுத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள், போகட்டும். பொட்டலத்தைப் பிரித்தேன். மஞ்சள், இளஞ்சிவப்பு, மிளகு அளவில் வெள்ளை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அது ஆச்சு ரொம்ப நாளு என்றார். என்னால் இதை விற்கமுடியாது, ஆனால் நீங்களாக நிறுத்தவும் கூடாது, கையில் இருப்பதைத் தின்றுகொண்டே நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவசரமில்லாமல், அன்று சொல்லியிருக்கவேண்டிய விதத்தில் சொன்னேன். தலையை ஆட்டினார். போவாரா என்று எனக்குத் தெரியாது. போகமாட்டார் என்றுதான் தோன்றியது. தாளைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் மூன்று மாத்திரைகளின் பேரையும், ஸ்டீராய்டு, திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மறுபடி மடித்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா. யாருக்கு எழுதுற?"

"உங்கள தூக்கிக்கிட்டுப் போறவுங்களுக்கு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனார்.